ரப்பர் வளையத்தின் சேவை

அவிநாசி என்னும் ஊரின் நாமத்துக்கு நாசமற்றது என்று பொருள் கூறுவர்; ஆயினும், முன்னொரு காலத்தில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மகிந்திரா ஜீப்புகளின் வழித்தோன்றல் ஒன்று, தோட்டத்து இட்டேரிகளில் பல்லாண்டு உழன்று, பள்ளந்தோறும் ‘டக் டக்’ என்று முனகியபடி அவ்வூர்ப் பட்டறையொன்றில் வந்து நின்றபோது, அதில் நாசமுற்றிருந்தவை சிறிய ரப்பர் புஷ்களே. வில்பட்டையின் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் இடையே அமர்ந்து, இரும்பை இரும்பு தீண்டாதவாறு அதிர்ச்சியைத் தானே ஏற்கும் அச்சிறு வஸ்துவை மெக்கானிக் மாற்றிய விதம் என் மனத்தை ஆட்கொண்டது.

துருவேறிய போல்ட்டை அவர் அடித்து நொறுக்கவில்லை; எண்ணெய் விட்டு, பொறுமையுடன் காத்திருந்து கழற்றினார். புதிய ரப்பருக்கோ எண்ணெய் ஆகாது, ஊதிவிடும் என்று சோப்புநீர் தடவிச் செலுத்தினார். எல்லாவற்றினும் நான் வியந்தது கடைசி முறுக்கையே: வண்டி ஜாக்கியின்மேல் தொங்குகையில் நட்டை இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் ஓயாது முறுக்குண்டு விரைவில் கிழிந்துபோகுமாதலால், நான்கு சக்கரங்களும் பூமியில் ஊன்றி வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கிய பின்னரே அவர் ஸ்பானரைக் கையிலெடுத்தார்.

அன்பர்களே, உங்கள் வண்டிக்குப் புஷ் மாற்றும் தினத்தில் அந்த இறுதி முறுக்கை அருகிருந்து பாருங்கள்.