கட்சி மாறியவரும் வாக்களித்தவரும்

பிரிட்டனில் கட்சி மாறும் எம்.பி. பதவி விலகத் தேவையில்லை. 1904இல் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து லிபரல் கட்சிக்குப் போன வின்ஸ்டன் சர்ச்சில் பதவியை விட்டுவிடவில்லை. 1981இல் தொழிற்கட்சியிலிருந்து பிரிந்து சமூக ஜனநாயகக் கட்சியை அமைத்தவர்களும் அப்படியே. அவர்கள் வழியில் கட்சி மாறியவர்களுள் புரூஸ் டக்ளஸ்-மன் ஒருவர்தான் பதவி விலகி மக்களைச் சந்தித்தார். 1982 இடைத்தேர்தலில் தோற்றார். பதவி விலகாத இந்த மரபுக்கு எதிராக நின்றவர் என்பதாலேயே டக்ளஸ் கார்ஸ்வெல் ஆராயத்தக்கவர்.

எசெக்ஸ் கடற்கரையிலுள்ள கிளாக்டன் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி.யான அவர், 2014 ஆகஸ்டில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சியில் சேர்ந்தார். அத்தோடு பதவியையும் துறந்து, அக்டோபர் இடைத்தேர்தலில் ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். அக்கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எம்.பி. அவரே. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலக வேண்டும் என்ற அவருடைய கொள்கையை ஏற்காதவர்களும் இந்தச் செயலின் நேர்மையை மறுக்க முடியாது. பழைய சின்னத்தில் பெற்ற வாக்கைப் புதிய கட்சிக்குச் சொந்தமாக்க அவர் விரும்பவில்லை. கிளாக்டன் புதிய கட்சிக்குச் சாதகமான களம் என்பது உண்மை. ஆனாலும் முடிவெடுத்தவர்கள் வாக்காளர்கள்.

குறை பின்னர் வெளிப்பட்டது. 2015 பொதுத்தேர்தலில் அக்கட்சி சுமார் 39 லட்சம் வாக்குகள் பெற்றும் கார்ஸ்வெல் ஒருவரே வென்றார். எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றம் தரும் நிதியை முழுமையாகப் பெறலாமா என்பதில் தொடங்கி, தலைவர் நைஜல் ஃபராஜுடன் பிணக்கு முற்றியது. 2017 மார்ச்சில் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையானார். வேறு கட்சியில் சேரவில்லை, ஆகவே இடைத்தேர்தல் தேவையில்லை என்றார். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் 2015இல் கிளாக்டன் மக்கள் வாக்களித்தது ஒரு கட்சியின் வேட்பாளருக்கு. அந்தக் கட்சியை விட்டு விலகும்போது அவர்களிடம் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தவரும் அவரே. உறுப்பினரின் மனச்சான்றை மட்டும் நம்பும் ஏற்பாட்டின் பலவீனம் இதுதான்: எப்போது மக்களைக் கேட்பது என்பதைக் கேட்க வேண்டியவரே தீர்மானிக்கிறார்.

அதற்காகக் கட்சி மாறினால் பதவி போகும் என்று சட்டம் இயற்றுவதும் தீர்வாகாது. அது கொறடாவின் கையை ஓங்கச் செய்யும். கட்சித் தலைமையோடு கொள்கையில் முரண்படும் உறுப்பினரின் வாயை அடைக்கும்.

வழி ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் திரும்ப அழைக்கும் சட்டப்படி, தொகுதியில் 10 விழுக்காட்டு வாக்காளர்கள் கையெழுத்திட்டால் பதவி பறிபோகும். ஆனால் குற்றத் தண்டனை, அவை நடவடிக்கையிலிருந்து இடைநீக்கம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கட்சி மாற்றத்தையும், கட்சியை விட்டு விலகுவதையும் அதில் சேர்க்க வேண்டும். அப்போது தீர்ப்பு கொறடாவிடமும் இராது, உறுப்பினரிடமும் இராது. வாக்காளர்களுக்குத் திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்று நெடுநாள் வாதாடியவர் கார்ஸ்வெல். 2014இல் அவர் தாமாகச் செய்ததை, 2017இல் கோரும் உரிமை கிளாக்டன் மக்களுக்கு இருந்திருக்க வேண்டும்.