'தரணி' மூளை அட்லஸ்: பெயரால் தேடுவதும் இடத்தால் தேடுவதும்

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி', கருவில் வளரும் சிசுவின் மூளையைக் காட்டும் முப்பரிமாண அட்லஸ் ஆகும். 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மூளைகளின் 5,132 மெல்லிய சீவல்கள், செல்கள் தெரியும் அளவுக்கு நுட்பமாகப் படமாக்கப்பட்டுள்ளன. கட்டணமில்லாததால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் விடுதியில் இருந்தபடியே இவற்றைத் திறந்து பார்க்கலாம். இது சிறிய காரியமன்று.

ஆனால் பார்ப்பது வேறு, தேடுவது வேறு. 5,132 சீவல்களில் பகுதிகளுக்கு எல்லை வரைந்து பெயர் குறிக்கப்பட்டவை 466. அதாவது பதினொன்றில் ஒன்று. பெயரைக் கொடுத்துத் தேடுபவர் இந்தச் சீவல்களுக்குத்தான் நேராகப் போய்ச் சேர முடியும். மற்றவற்றில் கண்ணாலும் அனுபவத்தாலும்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சிசு மூளையில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகிறது. சப்பிளேட், கேங்லியானிக் எமினன்ஸ் போன்ற பகுதிகள் கருவில் பெரிதாக இருந்து பின்னர் மறைந்துவிடுபவை. வளர்ந்தவரின் மூளையை மட்டும் படித்த மாணவருக்கு இந்தப் பெயர்களே தோன்றா. தோன்றாத பெயரை எப்படித் தட்டச்சு செய்வது? ஸ்கேன் பார்க்கும் மருத்துவரின் நிலையும் அதுவே. 22 வாரச் சிசுவின் மூளையில் ஐயத்துக்குரிய புள்ளி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதன் பெயர்தான் அவர் தேடி வந்தது.

பெயர்கள் நிலையானவையும் அல்ல. கோழிக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லின் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இதில் நல்ல உதாரணம் உண்டு. பறவை மூளையில் நெடுங்காலம் 'நியோஸ்ட்ரையேட்டம்' எனப்பட்ட பகுதி, 2004இல் வெளியான பெயர்த் திருத்தத்தில் 'நிடோபேலியம்' ஆயிற்று. பாலூட்டிகளில் அதே பழைய பெயர் முற்றிலும் வேறொரு பகுதியைக் குறித்தது. பழைய பாடநூலோடு வருபவர் சரியான எழுத்துக்கூட்டலுடனே தவறான இடத்துக்குப் போவார். பகுதி என்னவோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் எலி மூளைக்குச் செய்த அட்லஸ் இதற்கு வேறு வழி காட்டியது. மூளையில் ஒரு புள்ளியைத் தொட்டால், மரபணுச் செயல்பாட்டில் அதை ஒத்த பிற இடங்களை அது நிறமிட்டுக் காட்டும், பெயர் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் தரவு அதற்குப் பின்னால் உண்டு. தரணியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது. எனினும் முப்பரிமாணத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, அந்த இடம் 14ஆம் வாரத்தில் எப்படி இருந்தது, 24இல் என்னவானது என்று ஐந்து மூளைகளிலும் பின்தொடரும் தேடலுக்கு வேண்டிய சீவல்கள் அதனிடமே இருக்கின்றன. சிசுவின் மூளை வாரத்துக்கு வாரம் வடிவம் மாறுவதால் ஒன்றை மற்றொன்றின்மீது பொருத்துவதுதான் கடினமான வேலை. அடுத்த பதிப்பில் கூடுதல் சீவல்களைச் சேர்ப்பதைவிட அந்த வேலைக்கே முதலிடம் தர வேண்டும்.