30 பல், 78 பல்

நல்ல பொறியியலின் அழகு பாகங்களைக் குறைப்பதில் இருக்கிறது. 1997இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸின் கோள் பல்சக்கரத் தொகுதியே சான்று. 30 பல் கொண்ட நடுச்சக்கரத்தில் ஜெனரேட்டர். 78 பல் கொண்ட வெளிவளையத்தில் மோட்டாரும் கார்ச் சக்கரங்களும். இடைச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் பெட்ரோல் என்ஜின். என்ஜினின் முறுக்குவிசையில் 72 சதவீதம் வளையத்துக்கும் 28 சதவீதம் ஜெனரேட்டருக்கும் போவது இந்தப் பல் கணக்கால்தான். ஜெனரேட்டரின் வேகத்தை மாற்றினாலே கியர் விகிதம் மாறிவிடுகிறது.

இரண்டு உந்துசக்திகள் வீண் சிக்கல் என்பவர்கள் உண்டு. எடை கூடுவது உண்மைதான். ஆனால் அந்த அமைப்பில் கிளட்ச் இல்லை, மாற்றும் கியர்கள் இல்லை, தனி ஸ்டார்ட்டரும் இல்லை. பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பிரியஸ் பிரைமில், என்ஜின் பின்னோக்கிச் சுழலாதபடி ஒருவழிக் கிளட்ச் ஒன்றைச் சேர்த்தார்கள்; ஜெனரேட்டரும் காரை உந்தத் தொடங்கியது. சேர்த்தது ஒரு பாகம், கிடைத்தது இரண்டாவது மோட்டார். சிக்கனமான சிந்தனைக்கு இதைவிட நல்ல சான்று அரிது.