நாவலில் இல்லாத மந்திரிசபை

காவேரிக் கரை நாவல்களில் அரசியல்வாதி வந்தால், பெரும்பாலும் கதர்த் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். சங்கீதம், வெற்றிலைச் செல்லம், ஆற்றில் வரும் புதுவெள்ளம் இவற்றுக்கெல்லாம் இடமுண்டு. ஓட்டுச் சீட்டுக்கு இடமில்லை. இந்த வழக்கத்தை மீறியதால்தான் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' மீது எனக்கு மதிப்பு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன கொடுமையை அது கருவாக எடுத்துக்கொண்டது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. ஆனாலும் புத்தகத்தை மூடியபின் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மிராசுதார் கண்ணையா நாயுடுவின் குரூரத்துக்கு வேர் அவருடைய ஆண்மைக் குறைவு என்று ஆசிரியர் காட்டுகிறார். மனோதத்துவம் சுவாரஸ்யமான விஷயந்தான். ஆனால் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட ஜனங்களைக் கொளுத்துகிற துணிச்சல் ஒருவருடைய படுக்கையறையிலிருந்து மட்டும் வந்துவிடுமா? அதன் பின்னால் சென்னைச் சட்டசபை வரை நீளுகிற கதை ஒன்று இருக்கிறது.

1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றுகூடி, "எங்களிடந்தான் ஆள் அதிகம்" என்றார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை! மேல்சபைக்கு நியமன அங்கத்தினராகி அவர் முதன் மந்திரியானார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி. ராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து கைகொடுத்தது. முறையல்ல என்று அன்றே பலர் சொன்னார்கள். என் கட்சியும் அதுதான்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். இப்படி ஒட்டுப்போட்டுத் தைத்த மந்திரிசபைதான் அதே ஆகஸ்டு மாதம் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் வாரதாரனையோ பண்ணையாளையோ இஷ்டம்போல் வெளியேற்ற முடியாது. வாரதாரனுக்கு மகசூலில் நூற்றுக்கு 40. நிலவருமான இலாகா இருந்தது வட ஆற்காட்டுக்காரரான நாயக்கரிடம். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சபையிலேயே சொன்ன ராஜாஜிக்கு, அவர்களுடைய செங்கொடி ஊன்றிய வயலை முதலில் கவனிக்க வேண்டியிருந்தது. காங்கிரசுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்திருந்தால், தஞ்சை மிராசுதார்களின் செல்வாக்கில் அந்தச் சட்டம் காகிதத்துக்கே வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

மிராசுதார்களும் சும்மா இருக்கவில்லை. பண்ணையாள் என்று ஒருவன் இருந்தால்தானே பாதுகாப்பு? பண்ணை உறவையே அறுத்து, தினக்கூலி வைத்துக்கொண்டார்கள். சட்டம் காப்பாற்ற வந்தவனே சட்டத்தின் வரம்புக்கு வெளியே போய் நின்றான். 1960க்குப் பிறகு கடனும் உரமும் புதிய நெல் ரகங்களும் வந்து மகசூல் ஏறியபோது, படிக்கணக்கில் தினந்தினம் கூலிச் சண்டை போட்டவன் இவன்தான்.

1967இல் காட்சி மாறுகிறது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒன்றாக நின்றார்கள்! கழகத்துக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் மந்திரிசபையில் யாருக்கும் பங்கில்லை. மறுவருஷமே கீழ்வெண்மணி. தன் சங்கத்தின் கட்சியோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டவர்களே கோட்டையில் இருக்கும்போது எரிந்துபோன ஜனங்கள் அவர்கள். கணபதியா பிள்ளை கமிஷனும் 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் அதற்கப்புறம் வந்தன. 1952இல் எதிர்க்கட்சியாக இருந்து பண்ணையாளுக்குக் கிடைத்த அளவு கூட, 1968இல் தோழமைக் கட்சியாக இருந்து கிடைக்கவில்லை.

நாவலில் கட்சிகளைப் பற்றிப் பேச்சில்லாமல் இல்லை. டில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் நிறையவே விவாதிக்கிறார்கள். ஆனால் முந்தின வருஷம் சேரியில் கூட்டணிக்காக ஓட்டுக் கேட்ட தோழரிடம், "நாம போட்ட ஓட்டு இப்ப எங்கேங்க இருக்கு?" என்று ஒரு கிழவன் கேட்டிருந்தால், தோழர் என்ன சொல்லியிருப்பார்? நாயுடுவின் அந்தரங்கத்துக்குச் செலவான பக்கங்களில் நாலைந்தை நான் அந்தக் கிழவனுக்குக் கொடுத்திருப்பேன்.