நம்பிக்கையும் நோயும்: ஒரு சொல்லின் பொருள்மயக்கம்

எங்கள் கல்லூரியில் என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தார். நலம் விசாரிக்க வந்த அன்பர் ஒருவர் ஆங்கில நூல் ஒன்றை அவர் தலைமாட்டில் வைத்து, "ஹஜ்ரத், நம்பிக்கை உறுதியானால் மரபணுவே மாறிவிடும் என்று இப்போது விஞ்ஞானமே சொல்கிறது" என்றார். அவர் கூறியது அன்பினால்தான். ஆயினும் அவர் சென்றபின் நோயாளி என்னை நோக்கி, "அப்படியானால் என் ஈமானில் எங்கே குறை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இந்நூலை நான் வரிக்கு வரி படிக்கக் காரணமாயிற்று.

நூலின் பெயர் 'தி பயாலஜி ஆஃப் பிலீஃப்'. 'நம்பிக்கையின் உயிரியல்' எனத் தமிழில் கூறலாம். 2005இல் வெளியான இதன் ஆசிரியர் புரூஸ் லிப்டன், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய உயிரணுவியலாளர். மனிதன் தன் மரபணுக்களின் அடிமையல்லன். உயிரணு தன் சூழலுக்கு ஏற்ப மரபணுக்களை இயக்குகிறது. மனிதனின் நம்பிக்கைகளே அச்சூழலைத் தீர்மானிக்கின்றன. ஆகவே நம்பிக்கையை மாற்றினால் உடலும் மாறும் என்பது அவர் வாதத்தின் சுருக்கம்.

இவ்வாதத்தின் முற்பகுதி மறுக்கத்தக்கதன்று. 2003இல் நிறைவுற்ற மனித மரபணுத்தொகுதித் திட்டம், ஒரு லட்சம் மரபணுக்கள் வரை எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே என்று காட்டிற்று. எந்த மரபணு எப்போது பேசும், எப்போது மௌனம் காக்கும் என்பதில் சூழலுக்குப் பெரும் பங்குண்டு. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவுற்ற தாய்மாரின் மக்களிடம், ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின்னரும் வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவின் மேலமைந்த வேதிக்குறிகள் குறைந்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் கண்டனர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஆய்வில், தாய் எலி நக்கிச் சீராட்டி வளர்த்த குட்டிகளின் மூளையில் மன உளைச்சலை அடக்கும் மரபணு ஒன்று கூடுதலாக இயங்கியது தெரியவந்தது.

கவலை உடலைத் தொடும் வழியும் தெளிவானதே. அச்சமோ துயரமோ மூளையைத் தாக்கும்போது அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் சுரப்பை வெளியிடுகிறது. அது உயிரணுவினுள் தனக்குரிய ஏற்பியுடன் இணைந்து, மரபணு இழையில் படிந்து, சில மரபணுக்களை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது. எனவே எண்ணம் மரபணுவின் இயக்கத்தைப் பாதிக்கும் என்பது, இந்த அளவில், உண்மை.

வாதம் வழுக்கும் இடம் இதற்கு அடுத்த படி. பஞ்சத்தில் குறி பதித்தது பசி, எண்ணம் அன்று. எலிக்குட்டியை மாற்றியது தாயின் நாவு. குட்டியின் நம்பிக்கை அன்று. உயிரணுவின் சூழல் என்பது அதைச் சுற்றியுள்ள ஊட்டமும் சுரப்பும் நஞ்சும் ஆகும். அதனை மனிதன் மனத்தில் கொள்ளும் கருத்துக்குச் சமமாக்கி, உயிரணுவைப் பற்றிய முடிவை மனிதன்மீது ஏற்றுகிறார் நூலாசிரியர். நம் உஸூல் கலையில் இதற்குக் 'கியாஸ் மஅல் ஃபாரிக்' என்று பெயர். வேறுபாடு இருக்கவே ஒப்பிடுதல். மேலும், மரபணு இயங்கும் அளவு மாறுவது வேறு, மரபணுவின் எழுத்தே மாறுவது வேறு. தலசீமியாவுடன் பிறந்த குழந்தையின் மரபணுப் பிழையை எந்த நல்லெண்ணமும் திருத்தியதில்லை.

நூல் தரும் சான்றுகளையும் நோக்குவோம். 1952இல் ஆல்பர்ட் மேசன் என்ற ஆங்கில மருத்துவர், பிறவியிலேயே தோல் தடித்திருந்த சிறுவன் ஒருவனை, அது சாதாரண மருக்கள் என்று எண்ணி, அறிதுயில் முறையால் பெருமளவு தேற்றினார். அது பிறவிநோய் என்று அறிந்தபின் பிற நோயாளிகளிடம் அவரால் அதைச் செய்ய இயலவில்லை. மருத்துவரின் நம்பிக்கை குலைந்ததே காரணம் என்கிறார் லிப்டன். பலித்தால் நம்பிக்கைக்கு வெற்றி. பலிக்காவிட்டால் நம்பிக்கை போதவில்லை. எந்த நிலையிலும் பொய்ப்பிக்க இயலாத இத்தகைய கூற்று சான்றாகாது.

அடுத்தது 2002இல் வெளியான முழங்கால் ஆய்வு. மூட்டுத் தேய்மானமுள்ள 180 பேரில் சிலருக்கு உண்மையான அறுவை சிகிச்சை. சிலருக்குத் தோலில் கீறல் மட்டும். வலியில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இல்லை. நம்பிக்கை மூட்டைக் குணப்படுத்தியது என்பதன்று, அந்த அறுவை சிகிச்சையால் தனிப்பயன் இல்லை என்பதே இதிலிருந்து நேராகக் கிடைக்கும் முடிவு. நூலுக்குப் பின் 2011இல் வெளியான ஆஸ்துமா ஆய்வு இதை இன்னும் விளக்குகிறது. உண்மை மருந்தும் வெற்று மருந்தும் நோயாளிகளுக்கு ஏறக்குறைய ஒரே அளவு நிம்மதி தந்தன. ஆனால் நுரையீரலின் மூச்சுத்திறனை அளந்தபோது உண்மை மருந்தால் 20 விழுக்காடு உயர்வு. வெற்று மருந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு. மருந்தே தராதபோதும் அதே 7 விழுக்காடுதான். நோயாளி உணரும் துன்பத்தை நம்பிக்கை தணித்தது. மூச்சுக்குழலை அது திறக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக்கி, கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றிற்குச் சிகிச்சை எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளம் வாடும், உள்ளம் நோயுற்றால் உடல் வாடும் என்றவர், உடலுக்கு மருந்தே வேண்டாம் என்று கூறவில்லை. இப்னு ஸீனா ஓர் எளிய உவமை தந்தார். தரையில் கிடக்கும் மரத்தின்மீது எளிதாக நடப்பவன், அதே மரம் பள்ளத்தின் மேல் பாலமாக இருந்தால் தடுமாறுகிறான். விழுவோம் என்ற கற்பனை அவன் கால்களை ஆட்கொள்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இவ்வுவமையை எடுத்தாண்டுள்ளார்கள்.

ஆனால் இந்த ஆற்றலை அவர்கள் 'வஹ்ம்' என்றார்கள். ஈமான் என்று கூறவில்லை. நம் குழப்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது. தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் ஈமானையும், நல்லது நடக்கும் என்ற ரஜாவையும், இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் தவக்குலையும், மனம் புனையும் வஹ்மையும் சுமக்கிறது. வெற்று மருந்தால் வலி குறைவது வஹ்மின் வேலை. அது முஸ்லிமுக்கும் நிகழும், இறைமறுப்பாளனுக்கும் நிகழும். அதனை ஈமானின் அற்புதமாக எடுத்துரைக்கும் பேச்சாளர்கள், நாளை ஆய்வு மாறினால் ஈமானையும் உடன் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை எண்ணுவதில்லை. 2006இல் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை பெற்ற 1,802 பேரிடம், பிறர் செய்யும் பிரார்த்தனையின் பயனை அளந்தனர். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாக அறிந்தவர்களிடமே சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. இதனால் நாம் துஆவைக் கைவிடுவோமா? துஆ இபாதத், ஆய்வுக்கூடத்தில் அளக்கும் மாத்திரை அன்று.

திருக்குர்ஆன் இவ்வகையில் தெளிவான பாடம் தருகிறது. யூஸுஃபை இழந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்ததை 12:84 வசனம் கூறுகிறது. உள்ளத்தின் துயரம் உடலைத் தாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? எனினும் அல்லாஹ்வின் அருளில் அவநம்பிக்கை கொள்ளாதீர் என்று மக்களுக்குப் போதித்தவரும் அவரே. நபியின் ஈமான் நோயைத் தடுக்கவில்லை. நோய் ஈமானின் குறையைக் காட்டவுமில்லை. அய்யூப் (அலை) அவர்களின் வரலாறும் இதுவே. ஹிஜ்ரி 18இல் அமவாஸ் கொள்ளைநோயில் உயிர்நீத்தோரில் அபூ உபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) ஆகியோரும் உண்டு. அவர்களுடைய ஈமானை அளக்க நாம் யார்?

நோயாளியிடம் சென்றால் அவர் ஆயுள் குறித்து நல்வார்த்தை கூறுங்கள். அது விதியைத் தடுக்காது, ஆயினும் அவர் உள்ளத்தை மகிழ்விக்கும் என்ற கருத்தில் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை அறிஞர். ஆயினும் பொருளளவில், நல்வார்த்தை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற எல்லையை இவ்வளவு நேர்மையாக வகுத்த வாக்கியத்தை லிப்டனின் நூல் முழுதும் தேடியும் நான் காணவில்லை.

மரபணுவே தலைவிதி என்ற சோர்வை உடைக்க முனைந்தது இந்நூலின் நற்பயன். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நோயாளியின் தோளிலிருந்து மரபணுவின் சுமையை இறக்கி, குற்றவுணர்வின் சுமையை அது ஏற்றிவிடுகிறது. முன்னதைவிடப் பின்னது கனமானது.

அன்று என் தோழரிடம் நான் கூறியது சில சொற்களே: "ஹஜ்ரத், உங்களுக்குக் குறை இருப்பது உடலில். அதற்கு மருத்துவர் இருக்கிறார். ஈமானைச் சோதிக்க இந்த நூலுக்கு அதிகாரமில்லை." அவர் புன்னகைத்து, தலைமாட்டிலிருந்த நூலை எடுத்து என்னிடம் தந்தார். மறுநாள் மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தை நினைவூட்டுமாறு மகனிடம் கூறினார். சில மாதங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். தம் ஈமான் குறித்த ஐயத்துடன் அல்ல.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.