கார்பன் புள்ளிகளின் உடனொளிர்வு: ஒளிர்வது துகளா, மூலக்கூறா?

கார்பன் புள்ளிகள் என்பவை பொதுவாக 10 நானோமீட்டருக்கும் சிறிய, ஒளிரும் கார்பன் துகள்கள். 2004-இல் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டன. சிட்ரிக் அமிலத்தை ஓர் அமீனுடன் சூடாக்கியே தயாரிக்கலாம் என்பதால், வெப்பநிலையை மாற்றி ஒளிர்வை ஒப்பிடும் ஆய்வுகள் பெருகிவிட்டன. அவற்றுள் பல, ஒளிர்வது துகள்தானா என்று கேட்பதே இல்லை.

2012-இல் கிரிஸ்மன் குழுவினர் சிட்ரிக் அமிலத்தையும் எத்தனாலமைனையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் சூடாக்கினர். 180 பாகை செல்சியசில் கிடைத்த பொருளின் குவாண்டம் விளைச்சல் ஏறத்தாழ 50 விழுக்காடு. அதாவது உட்கவர்ந்த இரண்டு ஒளியன்களுக்கு ஒன்று ஒளியாகத் திரும்பியது. ஆனால் அந்த நிலையில் கார்பன் உள்ளகமே உருவாகவில்லை. ஒளிர்ந்தவை சிறு கரிம மூலக்கூறுகள். 230 பாகையில் இரண்டும் கலந்திருந்தன. 300-ஐத் தொட்டபின் உள்ளகம் வளர்ந்தது, விளைச்சல் சரிந்தது.

எனவே 'குறைந்த வெப்பத்தில் துகள் நன்றாக ஒளிர்கிறது' என்று எழுதுவது தவறான முடிவு. விளைபொருளைச் சவ்வுப்பையில் இட்டு, நீரைப் பலமுறை மாற்றி, வெளியேறிய நீரையும் புறஊதா விளக்கில் பார்க்க வேண்டும். வடிதாளில் நின்றதை மட்டும் பார்த்துவிட்டு வடிநீரைக் கொட்டிவிடும் மாணவர்களை என் வகுப்பில் நிறையக் கண்டிருக்கிறேன். ஆய்விதழ்களிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. உள்ளகத்தோடு பிணைந்துவிட்ட மூலக்கூறுகள் மட்டும் இந்தக் கழுவலுக்கு அகப்படுவதில்லை.