கோல் விழாத நேரத்தைப் பார்ப்பது எப்படி?

திருப்பூரில் செக்கிங் மேசையில் நிற்பவர்களுக்கு இது தெரியும். ஆயிரம் பீஸ் சுத்தமாகப் போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரே ஒரு ஓட்டை தப்பிவிட்டால் பையர் வரைக்கும் பேச்சு ஓடும். கால்பந்தில் டிஃபென்டரின் பிழைப்பும் அதுதான். கோல் போட்டவர் பெயரை மறுநாள் டீக்கடையில் சொல்வார்கள். போடவிடாதவர் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது.

அந்த வேலையை ரசிக்கப் பழக நம் மாநில அணி ஒன்றே போதும். சென்னையின் எஃப்சி 2015-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே எட்டு அணிகளில் ஏழாவதாகச் சரிந்தது. அப்போதைய பயிற்சியாளர் மார்கோ மத்தராட்சி, 2006-ல் இத்தாலியோடு உலகக் கோப்பை வென்ற டிஃபென்டர். அவர் விலகிய பின், 2017 ஜூலையில் இங்கிலாந்துக்காரரான ஜான் கிரிகோரி வந்தார்.

புதுப் பயிற்சியாளருக்கு முதல் மேட்சே அடி. 2017 நவம்பரில், சென்னை நேரு ஸ்டேடியத்தில், எஃப்சி கோவா முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டது. ஆட்டம் 2-3 எனத் தோல்வியில் முடிந்தது. லீக் முடிந்தபோது கோவாவின் கணக்கில் 18 ஆட்டங்களில் 42 கோல்கள். ஃபெரான் கொரோமினாஸ் மட்டும் 18. அதே லீக்கில் சென்னை வாங்கிய கோல்கள் 19, இடம் இரண்டாவது. அரையிறுதியில் மறுபடியும் கோவாவே எதிரில் வந்தது. கோவாவில் 1-1. மார்ச் 13, 2018 அன்று அதே நேரு ஸ்டேடியத்தில் 3-0 எனச் சென்னை வென்றது. நவம்பரில் 45 நிமிடத்தில் மூன்று கோல் போட்ட அணிக்கு, மார்ச்சில் 90 நிமிடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்த இரண்டு ஆட்டங்களையும் மனதில் வைத்துக்கொண்டு, எதைப் பார்ப்பது என்று கவனிப்போம்.

முதலில், பின்வரிசை நால்வரைப் பாருங்கள்

சென்னையின் நடுவில் இரண்டு ஸ்டாப்பர்கள்: பிரேசிலின் மெய்ல்சன் ஆல்வெஸ், போர்ச்சுகலின் ஹென்ரிக் செரேனோ. வலப்பக்கம் ஸ்பெயினின் இனிகோ கால்டெரோன், இடப்பக்கம் மிசோரத்தின் ஜெர்ரி லால்ரின்சுவாலா. பந்து இடப்பக்கம் போனால் நால்வரும் சேர்ந்து இடப்பக்கம் நகர்கிறார்களா? பந்து முன்னே போனால் சேர்ந்து ஏறுகிறார்களா? மூன்று பேர் ஏறி ஒருவர் தங்கினால் ஆஃப்சைடு பொறி உடைந்தது. எதிரணிக்கு அந்த ஒருவர் போதும்.

இரண்டாவது, அவர்களுக்கு முன்னால் நிற்பவரைப் பாருங்கள்

நல்ல டிஃபென்ஸ் நடுக்களத்திலேயே தொடங்கிவிடும். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷுக்கு அந்த அணியில் அதுதான் வேலை: ஸ்டாப்பர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையிலுள்ள இடத்தை அடைப்பது. கோவா போல் குறுகிய பாஸ்களால் விளையாடும் அணிக்கு அந்த இடம்தான் உயிர். அது அடைபட்டால் பந்து ஓரங்களுக்குப் போகும், அங்கிருந்து கிராஸ் வரும், கிராஸை உயரமான ஸ்டாப்பர் தலையால் தட்டிவிடுவார். எதிரணி ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், அதை அங்கே தள்ளியது யார் என்று தேடுங்கள்.

மூன்றாவது, காலை நீட்டாதவரை மெச்சுங்கள்

சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்தால் கைதட்டுகிறோம். பல நேரம் அது முன்பு விட்ட பிழையைச் சரிக்கட்டும் கடைசி முயற்சி. கெட்டிக்கார டிஃபென்டர் அவசரப்பட மாட்டார். பக்கவாட்டில் திரும்பி நின்று, பின்னால் நகர்ந்தபடி, எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்குவார். கூட்டாளிகள் திரும்பி வந்து சேர அந்த மூன்று வினாடி போதும்.

நான்காவது, கார்னரில் ஸ்டாப்பர்கள் எங்கே என்று பாருங்கள்

மார்ச் 17, 2018. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். சென்னையைத் தூக்கி நிறுத்தியவர் மெய்ல்சன்: முதல் பாதிக்குள், கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல்கள். பிறகு ரஃபேல் அகஸ்தோ ஒன்று. கடைசி நேரத்தில் பெங்களூரு ஒன்றைத் திருப்பியும் ஆட்டம் 3-2, கோப்பை சென்னைக்கு.

எங்கிருந்து பார்ப்பது?

டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். கோல்கிக், ஃப்ரீகிக் நேரங்களில்தான் மைதானம் அகலமாகத் தெரியும். அப்போது வரிசைகளை எண்ணிவிடுங்கள். மைதானத்துக்கே போனால் கோல்கம்பத்துக்குப் பின்புறம், உயரமான படியில் உட்காருங்கள். பின்வரிசை ஏறி இறங்குவது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். திருப்பூர்க்காரர்களுக்குக் கோவை நேரு ஸ்டேடியம் எட்டும் தூரம்தான். 2018-19-ல் ஐ-லீக் வென்றபோது சென்னை சிட்டி எஃப்சியின் சொந்த மைதானமாக இருந்தது அதுதான்.

ஹைலைட்ஸில் இதில் பாதிகூட வராது. அடுத்த மேட்சில் முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, இரண்டு ஸ்டாப்பர்களை மட்டும் பாருங்கள். கோலே விழாத ஆட்டத்திலும் பேச விஷயம் கிடைக்கும்.